தோளில் வைத்த பஞ்சு

ஒரு பெண் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தாள். மார்க்கெட்டே கூடி நின்று அவளைப் பாராட்டியது. இதை இன்னும் பதமாகச் சொல்லலாம்தான், ஆனால் நடந்தது இதுதான். முதலில் பாராட்டியவர் அவள் புருஷன். ஊரில் இருக்கிற இடுப்பையெல்லாம் இன்ச் டேப் பிடித்து அளந்த டெய்லர் அவர். சொந்த வீட்டு இடுப்பு ஏன் குறைகிறது என்று கேட்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

இத்தனைக்கும் சர்க்கரை வியாதி வந்தது அவருக்குத்தான்.

மார்க்கெட் கட்டடத்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ஒடுக்கமான இடம்தான் அவர் கடை. மேலே ஆட்கள் ஏறி இறங்கினால் தலைக்கு மேல் தடதடவென்று சத்தம் கேட்கும். உள்ளே இரண்டு தையல் மிஷின், துணி வெட்டுகிற மேசை, ஆளுயரக் கண்ணாடி, போட்டுப் பார்ப்பதற்குத் திரை கட்டிய ஒரு மூலை. பேண்ட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பிடித்துத் தைப்பது, பிரித்து விடுவது என்று நாள் முழுக்க வேலை இருக்கும். மிஷினில் அவர் உட்காருவார். பக்கத்து முக்காலியில் அவர் மனைவி. காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது, ஓரம் மடித்துக் கையால் தைப்பது எல்லாம் அவள் வேலை. அதனால் மார்க்கெட்டில் அவளுக்குப் பட்டனக்கா என்றே பெயர். மூன்று வயதுக் குழந்தைக்கும் பட்டனக்காதான், மூட்டை தூக்குகிற பெரியவருக்கும் பட்டனக்காதான்.

டெய்லருக்கு ஒரு தொழில் தர்மம் உண்டு. வயிறு பெருத்து, பேண்ட் பட்டன் எட்டாமல் ஒருவர் வந்தால், "துணி சுருங்கிடுச்சு சார், இப்ப வர்ற துணியே இந்த லட்சணம்தான்" என்பார். அதையே ஒருவர் இளைத்து வந்தால் துணியைப் பற்றிப் பேச மாட்டார். "அடேங்கப்பா! ரெண்டு இன்ச் பிடிக்கணும் போலிருக்கே, எங்களுக்கும் அந்த ரகசியத்தைச் சொல்லக் கூடாதா?" என்று பக்கத்துக் கடைக்குக் கேட்கிற மாதிரி கூவுவார். கூடினால் துணியின் குற்றம், குறைந்தால் ஆளின் சாமர்த்தியம். ஒரு வாடிக்கையாளரும் அந்தக் கடையிலிருந்து முகம் வாடிப் போனதில்லை. பட்டனக்கா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். வாயில் நூல் இருக்கும், சத்தமாகச் சிரிக்க முடியாது.

தித்திப்பு என்றால் அவருக்கு உயிர். டீயில் சர்க்கரை போடுகிறாரா, சர்க்கரையில் டீ ஊற்றுகிறாரா என்று மகள் கேலி செய்வாள். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். அப்புறம் கேலி செய்யவும் ஆள் இல்லாமல் போனதால் இன்னும் ஒரு ஸ்பூன் கூடியது. ஐம்பது வயதில் உடம்பு கணக்குக் கேட்டது.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால்தான் பெடல் மிதிப்பார். ஒருநாள் சாயங்காலம் கடையைக் கூட்டிக்கொண்டிருந்த பட்டனக்கா அப்படியே நின்றுவிட்டாள். அவர் பெருவிரலில் ஒரு குண்டூசி தலை வரைக்கும் ஏறியிருந்தது. மனிதர் பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, காலைப் பாருங்க!"

"என்ன கால்?" என்று குனிந்து பார்த்தார். ஊசியைப் பிடுங்கிப் போட்டார். வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்பதைப் பெருமையாகக்கூடச் சொன்னார். அந்தப் புண் ஒரு மாதம் ஆகியும் ஆறவில்லை, விரல் கறுக்க ஆரம்பித்தது. அப்புறம்தான் இரண்டு பேரும் சுகாதார மையத்துக்குப் போனார்கள்.

அங்கே இருந்த நர்ஸம்மா ஒளிவுமறைவு இல்லாதவள். "காலுக்கு உணர்ச்சியே இல்லை. சக்கரை எக்கச்சக்கமா இருக்கு. மாத்திரையும் போடணும், தித்திப்பையும் அடியோட விடணும். இல்லைன்னா இந்த விரலை எடுப்பாங்க, அப்புறம் பாதத்தை எடுப்பாங்க. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பட்டனக்கா நேராக அடுப்படிக்குப் போனாள். சர்க்கரை டப்பாவைக் குப்பையில் கவிழ்த்தாள்.

"இன்னிலேருந்து இந்த வீட்டுல சக்கரை கிடையாது. உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை."

"வியாதி எனக்கு. உனக்கெதுக்கு இந்தப் பட்டினி?"

"நான் பக்கத்துல உக்காந்து உறிஞ்சிக் குடிச்சா நீங்க சும்மா இருப்பீங்களா? பாலையும் வெச்சுட்டுப் பூனைக்கும் காவல் இருக்க என்னால முடியாது."

முதல் பத்துப் பதினைந்து நாள் வீட்டில் யுத்தம்தான். அவருக்குக் கை நடுங்கியது, எரிந்து விழுந்தார், கத்தரிக்கோலைத் தூக்கி எறிந்தார். அவளுக்கு ஒன்றுமில்லை என்றா நினைக்கிறீர்கள்? அவளும் தித்திப்புப் பைத்தியம்தான். ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் அவர் சட்டைப் பையில் கிழிசல் தைக்கப் போனவள் பையைத் திருப்பிப் பார்த்தாள். கேக் துகள் கொட்டியது. சண்டைக்குத் தயாராக நின்றார் டெய்லர். அவள் சண்டை போடவில்லை. அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அப்படி அழுது அவர் பார்த்ததில்லை. "இனிமே தொட மாட்டேன், அழாதே" என்றார். தொடவும் இல்லை. மனுஷன் எவ்வளவோ பொய் சொன்னவர்தான், அந்த வார்த்தையை மட்டும் காப்பாற்றினார்.

புண் ஆறியது. விரலுக்கு மெல்ல மெல்ல உணர்ச்சி வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மார்க்கெட்டே சொன்னது. ராத்திரியில் எழுந்து எழுந்து போவது நின்றது. மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறினார். ஊசியில் நூல் கோக்க மனைவியிடம் நீட்டிக்கொண்டிருந்தவர் இப்போது தானே கோத்தார். கோத்துவிட்டு, ஏதோ மலையைப் புரட்டியவர் மாதிரி அவளைப் பார்ப்பார். அவளும் அதற்குத் தக்கபடி கண்ணை விரிப்பாள்.

புதிதாக ஞானம் வந்தவரைப் போல மோசமான ஆள் கிடையாது. டெய்லர் பிரசங்கியாகிவிட்டார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சர்க்கரையை விடச் சொன்னார். முட்டி வலியா, சர்க்கரையை விடு. தூக்கம் வரவில்லையா, சர்க்கரையை விடு. "வீட்டுல பொண்டாட்டி சண்டை போட்டா எதை விடணும் டெய்லர்?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். "அதுக்கும் சக்கரைதான்" என்றார் இவர், முகத்தில் சிரிப்பில்லாமல்.

அந்தச் சமயத்தில்தான் பட்டனக்கா இளைக்க ஆரம்பித்தாள்.

அவள் பூசினாற்போன்ற உடம்புக்காரி. முக்காலி அவளுக்குப் பாதிதான் காணும். முதல் தடவை கவுன் தளர்ந்தபோது டெய்லருக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடி முன்னால் நிறுத்தி, இடுப்பில் டேப்பைச் சுற்றி, "பாத்தியா, ரெண்டு இன்ச்! நான் சொன்னேன்ல?" என்று கூத்தாடினார். அன்றைக்கே பிடித்துத் தைத்தார். பக்கத்துக் கடை பார்லர்க்காரி வந்து எட்டிப் பார்த்தாள். "அக்கா, பின்னாடிலேருந்து பாத்துட்டு உங்க பொண்ணு வந்திருக்கான்னு நெனச்சேன்" என்றாள். பட்டனக்காவுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. அன்று முழுக்க அவள் ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது தடவை பிடித்தார். மூன்றாவது தடவையும் பிடித்தார். கடைக்கு வருகிற குண்டுப் பெண்களிடம் அவளை எழுப்பி நிற்க வைத்துக் காட்டினார், "இதைவிட என்னம்மா அத்தாட்சி வேணும்?" என்று. அவளும் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவாள்.

தட்டில் பாதி சாப்பாடு மிஞ்சியது. "தித்திப்பை விட்டா பசியும் அடங்கிடும் போலங்க" என்றாள். அவருக்கும் அது சரியாகத்தான் பட்டது. முதுகு வலிக்கிறது என்றாள். "எத்தனை வருஷமா குனிஞ்சே உக்காந்திருக்கே, வலிக்காம என்ன செய்யும்?" என்று முக்காலிக்கு ஒரு மெத்தை தைத்துப் போட்டார். மத்தியானத்தில் துணி மூட்டை மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். "சின்னப் பொண்ணு மாதிரி தூங்குது பாரு" என்று அதையும் செல்லமாக எடுத்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. அதுதான் பாவம்.

குளிர் தொடங்கியதும் அவளுடைய கம்பளிக் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தார்கள். அவரே தைத்துக் கொடுத்தது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் வந்து நின்றாள். டெய்லர் வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு வழக்கம்போல இடுப்பைப் பிடிக்கப் போனார். கை பாதியில் நின்றது. கோட்டின் தோள் தையல் தோளில் இல்லை. முழங்கைக்குப் போகிற வழியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவருக்குத் தெரியும். எந்த டெய்லருக்கும் தெரியும். பட்டினி கிடந்தால் வயிறு குறையும், இடுப்பு குறையும். தோள் அப்படிக் குறையாது. நோயில் கிடந்தவர்களின் கோட்டை மட்டும்தான் அவர் தோளில் பிடித்துத் தைத்திருக்கிறார். அப்படித் தைத்துக் கொடுத்தவர்களில் பலர் மறுபடி கடைக்கு வரவில்லை.

"என்னங்க, சும்மா நிக்கிறீங்க?" என்றாள் கண்ணாடிக்குள்ளிருந்து.

ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தார். அதற்குள் ஒரு பதில் தேடிக்கொண்டார். வாடிக்கையாளருக்குச் சொல்கிற பதில்தான் வந்தது.

"துணி தளர்ந்துடுச்சு. பழைய துணியாச்சே."

"ஆமா, பழசுதானே" என்றாள் அவளும்.

அன்று அவர் இரண்டு சின்னப் பஞ்சுத் திண்டு தைத்து, கோட்டின் தோளுக்குள் வைத்து மூடினார். பெரிய மனிதர்களின் கோட்டுக்கு வைப்பார்களே, அதே மாதிரி. மிக நேர்த்தியான வேலை, வெளியே ஒரு நூல் தெரியவில்லை. அவள் போட்டுக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"பழைய மாதிரி இருக்கேன்ல?"

"அதைவிட நல்லா இருக்கே."

அந்தப் பதிலை நினைத்து அவர் பிறகு சுவரில் தலையை முட்டிக்கொண்டார். நிஜமாகவே முட்டிக்கொண்டார், நெற்றியில் வீங்கிப்போகிற அளவுக்கு.

மகள் வந்தது அதற்கு மூன்று வாரம் கழித்து. கைக்குழந்தையோடு பிரயாணம் செய்ய முடியாமல் ஒரு வருஷத்துக்கு மேல் வராமல் இருந்தவள். பஸ் நிலையத்தில் இறங்கியவள் ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட கை கோட்டுக்குள் அமுங்கியது. அவள் விலகி, அம்மாவின் தோளை இரண்டு கையாலும் தடவினாள். பஞ்சுக்கு அடியில் வெறும் எலும்பு.

"என்னம்மா இது? உன் தோள் எங்கேம்மா?"

"அப்பா கூட சேந்து சக்கரையை விட்டேன்ல, இளைச்சிட்டேன். எல்லாரும் நல்லாயிருக்குங்கிறாங்களே" என்றாள் பட்டனக்கா.

மகள் பாராட்டவில்லை. அப்பாவைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். இமைக் குற்றம் கண்ணுக்குத் தெரியாது என்பார்கள். டெய்லருக்குத் தெரிந்தே இருந்தது, அதனால் மகளின் கண்ணைப் பார்க்க முடியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரி. ஊசி, படம், மறுபடி படம். கடைசியில் டாக்டர் அவரையும் மகளையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். கணையத்தில் கட்டி என்றார். ஈரலுக்கும் பரவியிருக்கிறது என்றார். கணையம் என்றால் என்ன என்று டெய்லர் கேட்டார். உடம்பில் சர்க்கரையைக் கவனித்துக்கொள்கிற உறுப்பு என்றார் டாக்டர், எளிமையாகச் சொல்வதாக நினைத்து.

டெய்லருக்குச் சட்டென்று நம்பிக்கை பிறந்துவிட்டது.

"அப்போ மாத்திப் பாத்துட்டீங்க டாக்டர். சக்கரை வியாதி எனக்கு. அவளுக்கு ஒண்ணும் கிடையாது. எனக்குத் துணைக்குத்தான் அவ தித்திப்பை விட்டா. சீட்டைச் சரியாப் பாருங்க."

டாக்டர் சின்ன வயதுக்காரர், ஆனால் பொறுமைசாலி. சர்க்கரையை விட்டதால் இது வரவில்லை, அதனால் எந்தக் கெடுதலும் இல்லை என்று விளக்கினார். பிறகு, எப்போதிலிருந்து இளைக்கிறார்கள் என்று கேட்டார். டெய்லர் சொன்னார். எந்த மாதம் இடுப்பில் எத்தனை இன்ச், எந்த மாதம் மார்பில், எப்போது கை, எப்போது தோள் என்று ஒரு கால் இன்ச் பிசகாமல் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார்.

"இவ்வளவு சரியா யாரும் சொன்னதில்லை. இவ்வளவு பாத்துட்டு ஏங்க அப்பவே கூட்டிட்டு வரலை?"

டெய்லர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சந்தோஷமா இருந்தோம் டாக்டர்" என்றார்.

முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று மகள் கேட்டாள். சொல்ல முடியாது, இந்த நோய் பெரும்பாலும் தாமதமாகத்தான் தெரியும் என்றார் டாக்டர். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா, இன்றைக்கு வரைக்கும் டெய்லருக்குத் தெரியாது. உண்மை என்று நினைக்கிற நாளில் கொஞ்சம் சாப்பிடுகிறார்.

கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு நாற்காலி. மகள் குழந்தையைத் தூங்க வைக்கப் போயிருந்த ஒரு மத்தியானம், அவர் அடக்க முடியாமல் சொல்லிவிட்டார்.

"எனக்கு அன்னிக்கே தெரிஞ்சுதும்மா. கோட்டைப் பாத்த அன்னிக்கே. தெரிஞ்சுதான் பஞ்சு வெச்சேன். பயமா இருந்துச்சு."

அவள் முகத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"எனக்கும் தெரிஞ்சுதுங்க. உங்ககூட உக்காந்து எத்தனை கோட்டுக்குப் பட்டன் கட்டியிருக்கேன், தோள் எதுக்கு இறங்கும்னு எனக்குத் தெரியாதா? நீங்க பயந்துட்டீங்கன்னு தெரிஞ்சுது. அதான் நானும் பேசாம இருந்துட்டேன்."

"என்னைத் திட்டவாவது செய்யேன்."

"திட்டணும்னா எந்திரிச்சு உக்காரணும். அதுக்கெல்லாம் தெம்பு இல்லை" என்று சிரித்தாள். அவர் கட்டில் விளிம்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவள் கை அவர் பிடரியில் இருந்தது. எடையே இல்லாத கை.

இனி எது கேட்டாலும் சாப்பிடக் கொடுக்கலாம் என்று ஒருநாள் டாக்டர் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்கள் யாரும் கேட்கவில்லை. டெய்லர் கீழே ஓடினார். கேன்டீனில் இருந்ததிலேயே நல்ல கேக்காக, மேலே கிரீம் வைத்ததாகப் பார்த்து வாங்கினார். ஒரு துண்டு எடுத்து அவள் உதட்டருகே கொண்டுபோனார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"ஒரே ஒரு வாய். உனக்குத்தான் இப்ப தடை ஒண்ணும் இல்லையே. எனக்காக எவ்வளவு நாள் வாயைக் கட்டிட்டே."

"நான் ஒரு வாய் சாப்பிட்டா மீதியை யார் சாப்பிடுவா?"

அவர் கையிலிருந்த துண்டைத் தாழ்த்தினார்.

"உங்களை எனக்குத் தெரியாதா? நான் போனதும் இதைத்தான் தேடிப் போவீங்க. எடுத்துட்டுப் போய் அந்த நர்ஸ் பொண்ணுகிட்ட குடுங்க. குடுத்துட்டு வந்து உக்காருங்க. தொட மாட்டேன்னு எனக்குச் சொல்லியிருக்கீங்க. நான் இல்லைன்னாலும் சொன்னது சொன்னதுதான்."

கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நாலு நாள் கழித்து, ஒரு சாயங்காலம், மகள் தலைவாரிவிட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் போய்ச் சேர்ந்தாள். வார்டுக்கு வெளியே பார்வையாளர்கள் பேசிக்கொண்டு போனார்கள். டெய்லர் அழவில்லை. போர்வையை அவள் தோள் வரைக்கும் இழுத்துவிட்டார், குளிருமே என்று.

மார்க்கெட் முழுக்க வந்தது. பார்லர்க்காரி அவர் காலடியில் உட்கார்ந்து கதறினாள். "நான் வாயைப் பொத்திட்டு இருந்திருக்கக் கூடாதா அண்ணே, அழகா இருக்கே அழகா இருக்கேன்னு எத்தனை தடவை சொன்னேன்" என்றாள். "நானும்தாம்மா சொன்னேன்" என்றார் டெய்லர்.

அவர் செத்துப்போகத்தான் விரும்பினார், அதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கொடுத்த வார்த்தை கழுத்தைப் பிடித்தது. மாத்திரையை நேரத்துக்குப் போட்டார். ருசி பார்க்காமல் சாப்பிட்டார். மகள் ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால், மனசு கேட்காமல், அவரைச் சுகாதார மையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அதே நர்ஸம்மாதான் இருந்தாள். அவளுக்கு விஷயம் தெரியாது. காலைத் தூக்கச் சொல்லி விரலை அமுக்கிப் பார்த்தாள், பாதத்தில் இறகால் தடவி உணர்ச்சி தெரிகிறதா என்று கேட்டாள். எல்லா இடத்திலும் தெரிந்தது. ரத்தம் எடுத்தாள், ரத்த அழுத்தம் பார்த்தாள், பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு முகமெல்லாம் பல்லாகிவிட்டாள்.

"பிரமாதம் டெய்லர்! விரலை எடுக்கணும்னு வந்த ஆளா இது? சக்கரை கட்டுக்குள்ள இருக்கு, சிறுநீரகம் சுத்தமா இருக்கு, இதயம் இளவட்டம் மாதிரி அடிக்குது. சொன்னதைக் கேட்டு இப்படி வாயைக் கட்டுற ஆளை நான் பாத்ததே இல்லை. இப்படியே இருங்க. இன்னும் இருபத்தஞ்சு முப்பது வருஷத்துக்கு உங்களை ஒண்ணும் அசைக்க முடியாது."

மகள் நர்ஸம்மாவுக்கு வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அவள் கவனிக்கவில்லை. டெய்லர் சட்டைக் கையை மெதுவாக இறக்கி, மணிக்கட்டில் பட்டனைப் போடப் பார்த்தார்.

"முப்பது வருஷமா?" என்று கேட்டார்.

"கண்டிப்பா. எழுதியே தரேன்."

அவர் நர்ஸம்மாவைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். எதையோ தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று சந்தேகப்படுகிறவர் மாதிரி, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அத்தனை நாளும் அவ இல்லாமயா?"